முக்கோணக்கா

என்னை நல்லவள்னு யாராவது சொன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும். அதை மொதல்லயே சொல்லிடுறேன். நான் சொல்லப்போறது எங்க லேப்ல பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த ஒரு அக்காவைப் பத்தி. ஆனா அவங்களைச் சொல்லணும்னா நான் செஞ்சதையும் சொல்லித்தான் ஆகணும், வேற வழியில்ல.

எங்க கம்பெனிக்கு லாரி லாரியா ஆசிட் தண்ணி வரும். மத்த கம்பெனிக்காரங்க ஒழிஞ்சா போதும்னு தள்ளிவிடுற தண்ணி. அதுல இருக்கிற ஆசிட்டைப் பிரிச்சு எடுக்கிறதுதான் எங்க பொழப்பு. டேங்க்ல அந்தத் தண்ணியோட ஒரு கரைப்பானை ஊத்திக் கலக்குவோம். தண்ணிக்கும் கரைப்பானுக்கும் அவ்வளவா ஒத்துப்போகாது, ஏதோ கொஞ்சம்தான் கலக்கும். ஆசிட் இருக்கே, அது ரெண்டு பேர்கிட்டயும் சிரிச்சுப் பேசுற ரகம். கலக்கி நிறுத்தினா ரெண்டு அடுக்கா பிரியும். மேல கரைப்பான், பாதிக்கு மேல ஆசிட்டைத் தூக்கிக்கிட்டு நிக்கும். கீழ தண்ணி. கீழ இருக்கிறதை வடிச்சு விட்டா மேல இருக்கிறது நம்மது.

கேக்க சுலபமாத்தான் இருக்கும். ஆனா ஆசிட் ஓவரா போச்சுன்னா, அது நடுவுல பூந்து மத்த ரெண்டையும் சேர்த்து வச்சிடும். அடுக்கே பிரியாது. டேங்க் முழுக்க ஒரே திரவம். அப்புறம் எல்லாரும் தலையில கை வச்சிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

எப்ப பிரியும், எப்ப பிரியாதுன்னு சொல்ல ஒரு படம் இருக்கு. முக்கோணம். உச்சியில ஆசிட், இடது மூலையில தண்ணி, வலது மூலையில கரைப்பான். எந்தக் கலவையா இருந்தாலும் இந்த முக்கோணத்துக்குள்ள அது ஒரு புள்ளி. எந்த மூலைக்குக் கிட்ட இருக்கோ அந்தச் சரக்கு அதுல அதிகம். அடியில மேடு மாதிரி ஒரு வளைகோடு. புள்ளி மேட்டுக்குள்ள விழுந்தா ரெண்டா பிரியும், மேட்டைத் தாண்டி விழுந்தா பிரியாது. மேட்டுக்குள்ள சாய்வா சில கோடுகள். புள்ளி எந்தக் கோட்டுல விழுதோ அந்தக் கோட்டோட ரெண்டு முனையும்தான் ரெண்டு அடுக்கு. எங்க கரைப்பானுக்கு அந்தக் கோடெல்லாம் வலது பக்கமா ஏறும். ஆசிட் கரைப்பான் பக்கம் போகுதுன்னு அதுக்கு அர்த்தம். இவ்வளவுதான் சங்கதி. ஆனா கம்பெனியில இதைப் படிக்கத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான்.

முக்கோணக்கா. லோடுமேனுங்க வச்ச பேரு. பத்தாவதுல பெயிலான பொம்பளை, பாட்டில் கழுவ வந்தவங்க. அப்ப லேப்ல இருந்த கெமிஸ்ட் புஸ்தகத்துல இருந்து ஒரு படத்தை எடுத்து ஒட்டிட்டு, அது எப்பப் பார்த்தாலும் தப்பா வருதேன்னு புலம்பிக்கிட்டு இருந்தாராம். புஸ்தகத்துப் படம் புதுக் கரைப்பானுக்கு. எங்களோடது நூறு தடவை சுத்தி வந்த பழசு, அதுல என்னென்ன குப்பை சேர்ந்திருக்கோ. அந்த ஆள் வேலையை விட்டுப் போனப்புறம் இந்த அக்கா மூணு மாசம், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, குடுவையில கரைப்பானும் ஆசிட்டும் எடுத்து வச்சு, ப்யூரெட்னு ஒரு அளவுக் குழாய்ல இருந்து சொட்டுச் சொட்டா தண்ணி விட்டாங்க. பளிங்கு மாதிரி இருக்கிறது ஒரு சொட்டுல பால் மாதிரி கலங்கும். கலங்கின இடத்துல ஒரு புள்ளி. இப்படி அம்பது அறுபது புள்ளி வச்சு, அதையெல்லாம் சேர்த்து, அந்த மேட்டை அவங்களே வரைஞ்சுட்டாங்க. யாரும் வரையச் சொல்லல. வரைஞ்சப்புறம் யாரும் சபாஷ்னும் சொல்லல.

அந்தப் படம் கழுவுற தொட்டிக்கு மேல பிளாஸ்டிக் ஒட்டித் தொங்கும். அக்கா அதைப் படிக்கிற அழகைப் பார்க்கணும். இடுப்புல கை, வாயில ரப்பர் பேண்டு, எட்டி ஸ்கேலை வைப்பாங்க, ரெண்டு தடவை நகத்தால கீறுவாங்க, "எழுநூறு ஊத்துங்க, அதுக்கு மேல ஒரு வாளி கூட வேணாம்"னு திரும்பிப் பார்க்காம சொல்லிடுவாங்க. மூலையில என்ன எழுதியிருக்குன்னு அவங்க பார்த்து நான் பார்த்ததே இல்ல. நம்ம வீட்டு சுவிட்சை இருட்டுல தடவிப் போடுற மாதிரி. அவங்க சொன்ன கணக்கைச் சூப்பர்வைசர் தன் கையால எழுதி, தன் பேரைப் போட்டு மேல அனுப்புவார். நேர்ல அவங்களை 'பத்தாவது பெயிலு'ன்னுதான் கூப்பிடுவார். "ஏம்மா பத்தாவது பெயிலு, இன்னைக்கு எவ்வளவு?" இதுக்கு அக்காவும் சிரிப்பாங்க. எனக்குத்தான் பத்திக்கிட்டு வரும். ஆனா நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன்.

நானும் அவங்களும் ரெண்டு பேருமே கான்ட்ராக்ட். பதினோரு மாசத்துக்கு ஒரு தடவை பாஸைப் பிடுங்கிக்கிட்டு, பத்து நாள் வீட்டுல உக்கார வச்சுட்டு, மறுபடி கூப்பிடுவாங்க. அக்கா வீட்டுக்காரர் டெய்லர். கண்ணு மங்கி ஊசியில நூல் கோக்க முடியாம போய் நாலு வருஷம். அவங்க சம்பளத்துலதான் வீடு. என் வீட்டுக்காரருக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ரோஷம்தான் ஜாஸ்தி. எந்த முதலாளி என்ன சொன்னாலும் வண்டிச் சாவியை விட்டெறிஞ்சுட்டு வந்துடுவார். எனக்கு ரெண்டு பொண்ணுங்க.

ஒருநாள் சூப்பர்வைசர் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். இனிமே லேப்ல கான்ட்ராக்ட் கிடையாதாம். ஒரே ஒரு ஆள், பர்மனன்ட். பரீட்சை வச்சு எடுப்பாங்களாம், வெளியில இருந்து ஒரு இன்ஜினியர் வந்து வைப்பாராம். தேறினவங்களுக்கு ஒரு வருஷம் ட்ரையல். இன்னொருத்தர் மாசக் கடைசியோட வீட்டுக்கு. வயசு நாப்பத்தஞ்சு தாண்டக் கூடாது.

"எனக்கு இன்னும் நாப்பத்தஞ்சு முடியல சார்"னு அக்கா அவசரமா சொன்னாங்க, எங்க விட்டுடுவாங்களோன்னு. "என்ன பரீட்சை சார்?"

"முக்கோணப் படம் குடுப்பாங்க. படிச்சுச் சொல்லணும்."

அக்கா மூஞ்சியைப் பார்க்கணுமே அப்ப! கல்யாணப் பொண்ணு கூட அப்படிச் சிரிச்சிருக்க மாட்டா. எனக்கும் படம் படிக்கத் தெரியும், ஆனா தட்டுத் தடுமாறி. ஒரு புள்ளி வைக்க அரை மணி ஆகும். அவங்ககூட நான் போட்டி போடுறதாவது!

பரீட்சைக்கு மொத நாள் சாயங்காலம். லாரிச் சீட்டு ஒண்ணை ஜெராக்ஸ் எடுக்க ஆபீஸ் ரூமுக்குப் போனேன். மெஷின் மூடியைத் தூக்கினா, உள்ள ஒரு பேப்பர் கவுந்து கிடக்கு. இன்ஜினியர் காப்பி எடுத்துட்டு ஒரிஜினலை மறந்துட்டுப் போயிட்டார். திருப்பிப் பார்த்தேன். முக்கோணம். அதே மேடு. மூலையில பேர் இல்ல, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நம்பர்தான். எந்த நம்பர் எந்தச் சரக்குன்னு அடியில எறும்பு சைஸ்ல எழுதியிருந்துச்சு. உச்சி ஆசிட், அது சரி. ஆனா இடது மூலை கரைப்பான், வலது மூலை தண்ணி. எங்க படத்துக்கு அப்படியே மாத்தி.

அதுல தப்பு ஒண்ணும் இல்ல. எந்த மூலையில எதை வேணா வைக்கலாம், அது வரையிறவங்க இஷ்டம். ஆனா எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு, அக்கா அடியில பார்க்க மாட்டாங்கன்னு. பேப்பரை இருந்த மாதிரியே கவுத்து வச்சுட்டு வந்துட்டேன்.

கேட்டைத் தாண்டி வெளிய வரும்போது அக்கா என் தோளைப் பிடிச்சாங்க. "ஏண்டி, ஏதாச்சும் மாத்தி கீத்தி கேப்பாங்களோ? எனக்கு நம்ம படத்த விட்டா வேற தெரியாதுடி."

அந்த எடத்துல சொல்லியிருக்கலாம். 'அடியில எழுதியிருக்கிறதைப் படிங்க'ன்னு ஒரு வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "போங்கக்கா, நீங்க கண்ண மூடிக்கிட்டே படிப்பீங்க, உங்களுக்கு என்ன பயம்"னேன். அவங்களுக்கு அப்படி ஒரு நிம்மதி. என் சின்னப் பொண்ணுக்குக் குடுன்னு பையில இருந்து ஒரு பேனாவை எடுத்து என் கையில திணிச்சாங்க.

மறுநாள் கேன்டீன்ல பரீட்சை. நூத்துக்கு முப்பது பங்கு ஆசிட் இருக்கிற தண்ணி, அதுக்குச் சரிபாதி கரைப்பான். பிரியுமா, பிரிஞ்சா எந்த அடுக்குல எவ்வளவு ஆசிட், இந்தக் கரைப்பான் இந்த வேலைக்கு ஆகுமா ஆகாதா. அக்கா ஸ்கேலை வச்சாங்க, நகத்தால கீறினாங்க, ஒரு நிமிஷம் புருவத்தைச் சுருக்கினாங்க, எழுதினாங்க. அஞ்சு நிமிஷத்துல பேப்பரைக் குடுத்துட்டு எழுந்துட்டாங்க. நான் அடியில இருக்கிறதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு புள்ளியா எண்ணி, முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன்.

இன்ஜினியர் எல்லார் முன்னாடியும் திருத்தினார். சாப்பிட வந்த லோடுமேனுங்க, கேட் வாட்ச்மேன், சூப்பர்வைசர்னு ஒரு கூட்டமே நின்னுச்சு. அக்கா பேப்பரை எடுத்தவர் ரெண்டு தடவை படிச்சார். அப்புறம் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பிச்சார். "இந்தம்மா என்ன எழுதியிருக்காங்கன்னு கேளுங்க. 'இந்தக் கரைப்பான் உதவாது. ஆசிட் எல்லாம் தண்ணியிலேயே தங்கிடும். ஊத்தாதீங்க, வீண்.' சார், நீங்க இத்தனை வருஷமா ஊத்துறதே இந்தக் கரைப்பானைத்தான்!"

கேன்டீனே சிரிச்சுது. சூப்பர்வைசர் தொடையைத் தட்டிக்கிட்டுச் சிரிச்சார். இத்தனை வருஷம் இந்த அம்மா சொன்ன நம்பர்லதான் அவர் வண்டி ஓடிச்சுன்னு அந்த ஆளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் சிரிச்சார், பாவி.

அக்கா சொன்னது ஒருவகையில சரிதான், அதுதான் கொடுமை. அந்தப் படத்துல கோடெல்லாம் இடது பக்கமா ஏறுச்சு. இடது மூலை தண்ணின்னு நெனச்சிருந்தா, வேற எதையும் எழுத முடியாது. கோடு ஏறுற திசையை நின்னு பார்த்து, யோசிச்சு, இது ஏதோ வேற கரைப்பான் போல, இதை வாங்கி ஏமாந்துடாதீங்கன்னு கம்பெனிக்குப் புத்தி சொல்லியிருந்தாங்க. இன்ஜினியர் விரலை வச்சு அடியில இருந்த எழுத்தைக் காட்டினார். அக்கா குனிஞ்சு பார்த்தாங்க. எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி உதடு அசைஞ்சுது. அப்புறம் டம்ளரைக் கழுவப் போயிட்டாங்க.

எனக்கு வேலை கெடைச்சுது. மாசக் கடைசியில அக்கா போனாங்க. படத்தை எடுத்துட்டுப் போறீங்களான்னு கேட்டேன். "எனக்கெதுக்குடி, எனக்குப் படிக்கவா தெரியுது"ன்னாங்க. பத்தொன்பது வருஷத்துக்கப்புறம் அந்த மனுஷி வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தை வந்துச்சு. நான் உள்ள போய் முகம் கழுவினேன். அழுதேன்னு நெனச்சுக்காதீங்க, வெயில் ஜாஸ்தி.

அஞ்சு மாசம் ஓடுச்சு. தினமும் வர்ற தண்ணி ஒரே மாதிரி இருந்த வரைக்கும் என் வண்டியும் ஓடுச்சு. அப்புறம் ஒரு லாரி வந்துச்சு, ஆசிட் ரொம்பக் காட்டமா. நான் வழக்கம்போல கரைப்பானை ஊத்தச் சொன்னேன். பிரியல. இன்னும் கொஞ்சம் ஊத்தச் சொன்னேன். பிரியல. ரெண்டாயிரம் லிட்டர், கண்ணாடி மாதிரி தெளிவா, அடுக்குன்னு ஒரு கீறல் கூட இல்லாம நிக்குது. சூப்பர்வைசர் கத்தின கத்துல கேட் வாட்ச்மேன் ஓடி வந்தார். "உன்ன எவன்டி எடுத்தான்?"னு கேட்டார். எடுத்ததுல அவர் கையெழுத்தும் இருக்கு, அது அப்ப அவருக்கு ஞாபகம் வரல.

கடைசியில அவரே ஆள் அனுப்பி அக்காவைக் கூப்பிட்டார். தெரு முனையில ஒரு துணிக்கடையில பெருக்கிக்கிட்டு இருந்தாங்களாம், அப்படியே வந்துட்டாங்க. ஆள் பாதியாயிட்டாங்க. வாசல்லயே, என்னையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, சூப்பர்வைசர் சொன்னார்: "இதச் சரி பண்ணிக் குடுங்கம்மா. சரியா வந்தா, லேப்ல இன்னொரு ஆள் வேணும்னு நானே மேல எழுதுறேன். உங்க வயசு தாண்டுறதுக்குள்ள எடுத்துடலாம்." 'பத்தாவது பெயிலு'ன்னு கூப்பிடல. காரியம் ஆகணும்ல.

லேப்ல நாங்க ரெண்டு பேர்தான். அக்கா படத்துக்கு முன்னாடி நின்னாங்க. அவங்க கையால வரைஞ்ச படம். ஒவ்வொரு மூலையிலயும் விரலை வச்சு, வாய்விட்டுப் படிச்சாங்க. "இது தண்ணி. இது கரைப்பான். மேல ஆசிட்." மறுபடி முதல்ல இருந்து. மூணாவது தடவையும். என்னைத் திரும்பிப் பார்த்து, "சரியாத்தானடி சொல்றேன்?"னு கேட்டாங்க. "சரிதான்கா"ன்னேன்.

அப்புறம் ஸ்கேலை வச்சாங்க. புள்ளி மேட்டுக்கு மேல நின்னுச்சு. நான் கரைப்பானை ஊத்த ஊத்த அது மேட்டுக்கு வெளியவே வலது பக்கம் நகர்ந்திருக்கு, உள்ள எறங்கவே இல்ல. அக்கா ஸ்கேலைத் தண்ணி மூலைக்குத் திருப்பினாங்க. "தண்ணி ஊத்தணும்டி"ன்னாங்க. தண்ணியைப் பிரிக்கத்தான் இவ்வளவு பாடும், அதுல போய்த் தண்ணியா? நூறு மில்லி எடுத்துக் குடுவையில விட்டு, ப்யூரெட்டைத் திறந்தாங்க. பதினாலு மில்லியில பால் மாதிரி கலங்குச்சு. இருபத்தஞ்சுல நிறுத்தி, குலுக்கி வச்சாங்க. நாங்க பார்த்துக்கிட்டு இருக்கும்போதே ரெண்டா பிரிஞ்சுது, நடுவுல கத்தியால வெட்டின மாதிரி கோடு. "ஐநூறு லிட்டர். போய்ச் சொல்லு"ன்னாங்க. அவங்க கண்ணுல தண்ணி. "நான் சரியாத்தான் படிச்சிருக்கேன்ல?"

சொல்லப் போனேன். டேங்க்கிட்ட நின்னுக்கிட்டு இருந்த சூப்பர்வைசர் கேட்டார்: "என்ன சொல்றாங்க அந்தம்மா?"

எனக்கு ட்ரையல் முடிய இன்னும் ஏழு மாசம் பாக்கி. இந்த அக்கா உள்ள வந்தா, பத்தே நாள்ல எவளுக்கு வேலை தெரியும், எவளுக்குத் தெரியாதுன்னு சந்தி சிரிச்சுடும். ட்ரையல்ல இருக்கிறவளை வெளிய தள்ள ஒரு கையெழுத்து போதும். இதெல்லாம் அங்க நின்னு யோசிச்சேன்னு சொல்ல மாட்டேன். வாய் தானா திறந்துச்சு.

"அவங்களுக்குக் குழப்பமா இருக்கு சார். எது எந்த மூலைன்னு மூணு தடவ படிச்சுப் பார்த்தாங்க, அப்பவும் என்னக் கேக்குறாங்க. நான்தான் ஸ்கேல வச்சுப் பார்த்தேன். ஐநூறு லிட்டர் தண்ணி ஊத்தினா பிரியும் சார். குடுவையில செஞ்சே பார்த்துட்டேன்."

ஒரு வார்த்தையில உண்மை, மறு வார்த்தையில பொய். தண்ணி ஊத்தினாங்க. ஒரு மணி நேரத்துல டேங்க் அழகா பிரிஞ்சுது. சூப்பர்வைசர் என் முதுகுல தட்டினார். "மூளை இருக்கே உனக்கு!" அக்காவுக்கு ஒரு நாள் கூலிக்குச் சீட்டு எழுதச் சொல்லிட்டுப் போயிட்டார்.

அக்கா கேட்ல சீட்டை மடிச்சுக் கையில வச்சுக்கிட்டு எனக்காக நின்னாங்க. "நான்தான் பார்த்துச் சொன்னேன்னு சொன்னியாடி? என்ன சொன்னார்?"

"சொன்னேன்கா. மேல எழுதுறேன்னார். நான் விடாம கேட்டுக்கிட்டே இருக்கேன்."

என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க.

அன்னையில இருந்து வாராவாரம் போன் வரும். வெள்ளிக்கிழமை, டீ நேரத்துல, என் வேலை கெடக் கூடாதுன்னு பார்த்துப் பண்ணுவாங்க. "இன்னும் முடிவாகலக்கா", "மேனேஜர் ஊர்ல இல்லக்கா", "பேப்பர் மேல போயிருக்குக்கா". பேப்பர்னு ஒண்ணு இருந்தாத்தானே மேல போக! துணிக்கடையில நிரந்தரமா இருக்கச் சொன்னாங்களாம், முடியாதுன்னுட்டாங்களாம். கம்பெனியில எப்ப வேணா கூப்பிடுவாங்கன்னு சொல்லிட்டாங்களாம். கடைக்காரர் வேற ஆள் வச்சுக்கிட்டார். அதையும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க.

ஒரு வெள்ளிக்கிழமை, "வர்ற செவ்வாயோட எனக்கு நாப்பத்தஞ்சு முடியுதுடி, அதுக்குள்ள ஒரு வார்த்த கேட்டுடு"ன்னாங்க. சரிக்கான்னேன்.

செவ்வாய்க்கிழமை நான் யாரையும் போய்க் கேக்கல. அன்னைக்கு லேப்ல வேலை கூட அவ்வளவா இல்ல. புதன்கிழமை காலையில போன் அடிச்சுது. எடுக்காம விடலாமான்னு பார்த்தேன், நிக்காம அடிச்சுது. எடுத்தேன்.

"வயசு தாண்டிடுச்சாம்கா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க."

அந்தப் பக்கம் டெய்லர் என்னவோ கேக்குறார், இவங்க "ஒண்ணுமில்ல, நீங்க சாப்பிடுங்க"ன்னு அவருக்குச் சொல்றது கேட்டுச்சு.

"பரவாயில்லடி, விடு"ன்னாங்க. "எனக்காக நீ எவ்வளவு அலைஞ்சிருப்ப, பாவம்."